பாஸ் கிடைக்காத முப்பது பேர்

மார்ச் 3

அன்புள்ள கொசுவுக்கு,

நலம்தானே? விடுதி அறையில் என் தூக்கத்தைக் கெடுத்தவள், இப்போது அறக்கட்டளையில் ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குகிறாய். கடிதம் போட மட்டும் நேரமில்லை.

உங்கள் ஆய்வு நடக்கிறது. இலவச பஸ் பாஸ் கொடுத்தால் ஏழைப் பிள்ளைகள் தொழிற்பயிற்சியைப் பாதியில் விடாமல் இருப்பார்களா என்பதுதானே கேள்வி? குலுக்கலில் முப்பது பேருக்குக் கொடுத்தோம். மற்ற முப்பது பேருக்கு ஒன்றும் கிடையாது. வருகிறார்களா என்று எண்ணுவதோடு சரி. அவர்களில் வெல்டிங் படிக்கும் பெண் ஒருத்தி தினமும் ஏழு கிலோமீட்டர் நடந்து வருகிறாள். நேற்றுக் கேட்டாள்: "அக்கா, நான் நின்னுட்டா உங்க ஆராய்ச்சிக்கு நல்லதா?"

ஆமாம் என்று எப்படிச் சொல்வது?

வாயாடி

மார்ச் 12

அடி வாயாடி,

டிசம்பர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு. வித்தியாசம் தெரிந்தால் நாற்பதாயிரம் பேருக்குப் பாஸ் கேட்கலாம். நிர்வாகக் குழுவுக்குக் கண்ணீர் புரியாது, அட்டவணை புரியும். தயவுசெய்து நடுவில் கை வைக்காதே. ஒழுங்காகச் சாப்பிடு.

உன் கொசு

ஜூன் 9

கொசு,

கை வைத்துவிட்டேன். திட்டாதே. ஏப்ரலிலிருந்து அந்த முப்பது பேருக்கும் என் சம்பளத்தில் பாஸ். நான் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். ஆனால் ஒருத்தரும் நிற்கவில்லை, தெரியுமா! பாஸ் கொடுத்ததை அறிக்கையில் எழுதவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

வாயாடி

ஜூலை 20

வாயாடி,

நேற்றுக் கூட்டம். டிசம்பர் வரைகூடக் காத்திருக்கவில்லை; உன் இடைக்கால அட்டவணையில் இரண்டு பக்கமும் ஒரே வருகை. "பாஸ் இல்லாதவனும் வர்றானே, அப்புறம் எதுக்குங்க பாஸ்?" என்று தலைவர் சிரித்தார். நிதியைத் தன்னம்பிக்கை வகுப்புகளுக்கு மாற்றிவிட்டார்கள். உன் கடிதம் என் பையில் இருந்தது. வாய் திறந்திருந்தால் உன் பெயர் கெட்டிருக்கும். திறக்கவில்லை. நீயும் எதையும் கிளறாதே.

கொசு

ஆகஸ்ட் 5

கொசு,

காப்பாற்றியது என் பெயரையா, உன் நாற்காலியையா?

நான் செய்ததை எழுதி நிர்வாகக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். உனக்கு முன்பே தெரியும் என்பதையும் எழுதினேன். அதை மறைத்தால் அது இன்னொரு பொய் அறிக்கை. இனி நீ எனக்கு எழுத மாட்டாய்.

ஜூலையோடு எல்லோருடைய பாஸும் முடிந்தது; என் சம்பளமும்தான். உன் குழுவிடம் காட்டு: இன்று அறுபது பேரில் பதினேழு பேர் வந்தார்கள்.

வாயாடி