உங்களுக்கும் வைத்ததாகச் சொன்ன லூப்பு

அக்கா,

நேற்று என் மருமகள் நாமக்கல்லில் காப்பர்-டி வைத்துக்கொண்டு வந்தாள். சேலையெல்லாம் ஆஸ்பத்திரி மருந்து வாசம். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் முகம்தான் முன்னால் வந்தது. உங்கள் கருமாதி முடிந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. போனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

மூன்றாவது பிரசவத்தில் நான் பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்றை உடம்பு தாங்காது என்று நர்சம்மா சொன்னது என் வீட்டுக்காரர் காதில் ஏறவே இல்லை. அந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நீங்கள், இளையவள் நான். மாமியாருக்குத் தெரியாமல் எனக்கு வழி தேடியது நீங்கள்தான். அறுபதுகளின் பாதியில் லூப்பு என்ற பேரே நம் பக்கத்துக்குப் புதிது. பிள்ளை உண்டாகாமலிருக்க கர்ப்பப்பைக்குள் பிளாஸ்டிக்கை வைப்பார்கள் என்றதும் நான் வரமாட்டேன் என்றேன்.

"நீ தனியாப் போவோண்டாம். நானும் வெச்சுக்கறேன்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிளம்பினேன். சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் நாமகிரிப்பேட்டைக்கு பஸ் ஏறினோம்.

திரைக்குப் பின்னால் முதலில் என்னைத்தான் படுக்க வைத்தார்கள். வலி தாங்காமல் கத்திவிட்டேன். வெளியே வந்து பெஞ்சில் சுருண்டு கிடந்தபோது நீங்கள் உள்ளே போனீர்கள். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, ஆச்சு, போகலாம் என்று என் கையைப் பிடித்துத் தூக்கினீர்கள். இவர் உடம்பு இரும்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு வெகுளி நான்.

அதற்குப் பிறகு எனக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. நம் வீட்டில் தீட்டு என்றால் மாட்டுச் சாளைக்குப் பக்கத்தில் ஒதுங்க வேண்டும், அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. மாதத்தில் பாதி நாள் அங்கேயே கிடந்தேன். உடம்புச் சூடு என்று மாமியார் வெந்தயத்தை ஊற வைத்துக் கொடுத்தார். நீங்கள்தான் எனக்குச் சோறு கொண்டுவருவீர்கள். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். ஒன்றும் செய்யவில்லை என்பீர்கள். குறை என் உடம்பில்தான் என்று நம்பினேன்.

அந்த வருஷம்தான் என் தம்பிக்குக் கல்யாணம். அவனுக்கு நான் ஒரே அக்கா. மாப்பிள்ளை பக்கத்தில் கூடப்பிறந்தவளை உட்கார வைத்து இணைச்சீர் செய்யாமல் நம்மில் கல்யாணம் ஏது? அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து நான் காத்திருந்த சீர் அது. முகூர்த்தம் நெருங்கியும் ரத்தம் நிற்கவில்லை. இதை எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று உங்களிடம் அழுதேன்.

"நானுந்தான் வெச்சிருக்கறேன், எனக்கு என்னாச்சு? பொறுத்துக்க சாமி, செரியாப் போயிரும்" என்றீர்கள்.

பொறுத்துக்கொண்டேன். என் பெரியப்பா மகள் கூறைச்சேலை கட்டி என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று நான் பார்த்தேன். அவன் தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினான். நீங்கள் பந்தலுக்குள் முன்வரிசையில் இருந்தீர்கள்.

அடுத்த ஆடிக்குள் நீங்கள் முழுகாமல் இருப்பதாக வீடே கொண்டாடியது. நான் பதறிப் போய், அது விழுந்துவிட்டதா என்று கிணற்றடியில் உங்களிடம் கேட்டேன். குடத்தைக் கீழே வைக்காமலே சொன்னீர்கள்.

"வெச்சாத்தான சாமி உழுகறதுக்கு."

நான் கத்தியதைக் கேட்டு உங்களுக்குப் பயம் வந்துவிட்டதாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று நர்சம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டீர்களாம். சரி, பயந்தது தப்பில்லை. பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீயும் எடுத்துப் போட்டுருவெ. அடுத்த பேறு உன்னையக் கொண்டுக்கிட்டுப் போயிரும்."

ஆத்திரத்தில் அன்றைக்கே போய் அதை எடுத்துவிட நினைத்தேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டுவிட்டேன். ரத்தமும் மெல்லக் குறைந்தது. எனக்கு நாலாவது பிறக்கவில்லை. மூன்று பிள்ளைகளையும் நானே வளர்த்து ஆளாக்கினேன்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். நீங்கள் நம்ப வைத்துக் கழுத்தைக் காப்பாற்றினீர்கள். அறுத்த வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து எல்லோரும் அழுதபோது என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் அதை எடுத்திருக்க மாட்டேன், அக்கா. இணைச்சீர் போனாலும் போகட்டும், பிள்ளைகளுக்கு நான் வேண்டும் என்று நானே முடிவு செய்திருப்பேன். அந்த அளவுக்குக்கூட நீங்கள் என்னை நம்பவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை.