எத்தனை படி ஏறினேன்?

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பும் பிள்ளைகள் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவனுடைய மகள் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள், வகுப்பிலேயே முதலாவதாக. அவள் மேடையேறி மெடல் வாங்கியபோது நான் தட்டிய தட்டில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் தம்பி நீச்சல் போட்டியில் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்த பையன் இவனைவிட ஒரு முழம் உயரம். அவ்வளவு நீளக் கை இருந்தால் யார்தான் சுவரை முதலில் தொடமாட்டார்கள்? என் மனசில் நம்ம பையன்தான் முதல். நம் மகளின் மகனுக்குக் குடிநீர் வாரியத்தில் இஞ்சினியர் வேலை கிடைத்திருக்கிறது. அவன் சேர்ந்த பிறகு எங்கள் தெருவில் தண்ணீர் வேகமாக வருகிறது என்று நான் சொன்னால், பெற்ற அம்மாவே நம்பாமல் சிரிக்கிறாள். அவன் தங்கை பேச்சுப் போட்டியில் துண்டுச்சீட்டைப் பார்க்காமல் பேசிப் பரிசு வாங்கினாள். ஐந்தாம் வகுப்போடு ஸ்லேட்டைக் கீழே வைத்தவள் நான். என் பேரப்பிள்ளைகள் இப்படி என்று நினைத்தால் தரையில் கால் பாவவில்லை.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தது வேறு. நம் வீட்டில் போன் ஸ்பீக்கரில்தான் பேசும், உங்கள் அண்ணனும் பக்கத்திலேயே இருப்பார். அவர் காதில் விழக் கூடாத விஷயம். மதியம் அவர் படுத்திருக்கிற நேரமாகப் பார்த்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் விளையாடவில்லை தம்பி. அவருக்குப் புத்தி தடுமாறிக்கொண்டிருக்கிறது.

படித்ததும் உங்களுக்குச் சிரிப்புதான் வரும். வீட்டில் எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள். நம் வீட்டு வழக்கம் அப்படி. எத்தனை என்று யாராவது கேட்டால் இந்த வீட்டில் நேராகப் பதில் வந்ததில்லை. கூட்டிப் பார்த்தவன் தோத்தான் என்பதுதானே நீங்கள் அண்ணனும் தம்பியும் போட்ட சட்டம்? கேள்வியில் இருக்கிற எண்ணையெல்லாம் தள்ளிவிட்டு வார்த்தையைப் பார், பதில் அங்கேதான் ஒளிந்திருக்கும் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்துவிட்டீர்கள். அதனால் அவர் எதைத் தப்பாகச் சொன்னாலும் தப்பு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எங்கே ஒளித்திருக்கிறார் என்று தேடக் கிளம்பிவிடுகிறார்கள்.

பேத்தி மெடல் வாங்கியதற்கு வீட்டில் ஒரு சின்ன விருந்து வைத்தோம். நாற்பது பேர் வருவார்கள் என்று காலையிலிருந்து பேச்சு. வாடகைக் கடைக்கு எத்தனை நாற்காலி சொல்லலாம் என்று பெரியவன் கேட்டான். இவர் பதினொன்று என்றார். எல்லோரும் யோசித்தார்கள். நீச்சல்காரன்தான் துள்ளிக் குதித்தான். "எனக்குத் தெரியும்! கிழவங்க பதினொரு பேருதான் உக்காருவாங்க, மத்தவங்க எல்லாம் பாட்டுப் போட்டதும் ஆட எந்திரிச்சிருவாங்க!" ஒரே கைதட்டல். உங்கள் அண்ணனும் சிரித்தார். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், தம்பி. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். அதற்கு முன் ஒருநாளும் அவர் தன் புதிருக்குக் கடைசியாகச் சிரித்தவர் இல்லை. பதில் வெளியே வருவதற்குள் இவர் தொந்தி குலுங்க ஆரம்பித்துவிடும், உங்களுக்கே தெரியும்.

விருந்து முடிந்த கையோடு பெரியவனை நச்சரித்து டாக்டரிடம் கூட்டிப்போக வைத்தேன். மறதிக்கென்றே பார்க்கிற டாக்டர், சின்ன வயசுப் பெண், நல்ல பொறுமை. அவள் கேள்வி கேட்க ஆரம்பிக்கும்போதே பெரியவன் முந்திக்கொண்டு, "டாக்டர், எங்கப்பா நேராப் பதில் சொல்லமாட்டாரு. அவரு சொல்றதை அப்படியே எழுதிக்காதீங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டான். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவள் கேட்டாள். மூன்று என்றார். இருப்பது இரண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னையும் சேத்துச் சொல்றாரு டாக்டர், மாமாவுக்கு நான் எப்பவும் மகதான்" என்றாள். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்து டாக்டர், "பத்து மாத்திரை இருக்கு, தினம் ரெண்டு போட்டா எத்தனை நாளைக்கு வரும் ஐயா?" என்று கேட்டாள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "காசு குடுத்து வாங்கினதா, நீங்க சும்மா குடுத்ததா? சும்மா குடுத்ததுன்னா நாளைக்கே என் பெஞ்சாதி பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் குடுத்திருவா" என்றார். டாக்டரே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அது அவருடைய அசல் குரல். அதைக் கேட்டதும் எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது, நாம்தான் வீணாகப் பயப்படுகிறோமோ என்று.

கிளம்பும்போது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "விளையாட்டா, இல்லையான்னு வீட்டுல இருக்கிறவங்கதாம்மா சொல்லணும். விளையாட்டுன்னா சந்தோஷம். இல்லைன்னா நாள் கடத்தாம வாங்க. இப்பவே ஆரம்பிச்சா நல்லதுன்னு சில மருந்து இருக்கு. அவரைத் தனியா வெளியே அனுப்பக் கூடாது. உங்களுக்கு ஊசி போடுற வேலையும் அவருகிட்ட இருக்கக் கூடாது."

சர்க்கரைக்கு நான் போட்டுக்கொள்கிற ஊசி. ஆரம்பத்திலிருந்தே அதை அவர்தான் போட்டுவிட்டுவந்தார், டாக்டரிடமும் சொல்லியிருந்தேன். எனக்கு ஊசி என்றால் நடுக்கம், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அல்லவா, முடியளவு கம்பியைப் பிடித்துப் பழகிய விரல், குத்தியதே தெரியாது. டாக்டரைப் பார்த்துவந்த அடுத்த வாரம் ஏதோ தோன்றி, கையை நீட்டிவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தேன். குழலில் மருந்து வழக்கமான கோட்டைத் தாண்டி மேலே நின்றது. இரண்டு பங்கு இருக்கும். எவ்வளவு எடுத்தீங்க என்று கேட்டேன். "நீயே சொல்லு பாப்போம்" என்றார்.

தம்பி, அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். அன்றைக்குக் கையை இழுத்துக்கொண்டேன். அவர் ஊசியும் கையுமாக அப்படியே நின்றார். கோபப்படவில்லை. "ஏன், வலிக்குதா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு நானே ஊசி போட்டுக்கொள்ளப் பேத்தியிடம் கற்றுக்கொண்டேன். புதுசாகப் படித்தவள், பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகட்டும் என்று காரணம் சொன்னேன். உங்கள் அண்ணன் நம்பினார். ஊசி நேரம் வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். பஞ்சை மட்டும் அவரைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை. தீர்மானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒன்று செய்தேன். எனக்குக் கல்யாணமான புதிதில் அவர் போட்ட முதல் புதிர் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, நீங்களும் அன்றைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள். பத்து மாடிக் கட்டிடம், ஒரு மாடிக்கு இருபது படி. தரையிலிருந்து லிஃப்டில் ஆறாவது மாடிக்குப் போனேன். வேலை அங்கே இல்லை என்றார்கள், அதிலேயே நாலு மாடி இறங்கினேன். அங்கேயும் இல்லை என்று அதிலேயே மறுபடி மூன்று மாடி ஏறினேன். மொத்தம் எத்தனை படி ஏறினேன்? நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே விரல்விட்டு எண்ணி, நூற்று எண்பது என்றேன். அண்ணனும் தம்பியும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தீர்கள். ஒரு படிகூட ஏறவில்லை, லிஃப்டில்தானே போனேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. லிஃப்டைக் கண்ணால்கூடப் பார்க்காதவளிடம் இதைக் கேட்பது நியாயமா என்று சண்டை போட்டேன். மறுநாளே என்னைத் தான் வேலை செய்கிற கட்டிடத்துக்குக் கூட்டிப்போய், உச்சி மாடிவரை ஏற்றி இறக்கினார். பயத்தில் அவர் சட்டையைப் பிடித்ததில் பொத்தான் பிய்ந்து என் கையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் நான் எதையாவது சரியாகச் சொன்னால், "ஒரு படிகூட ஏறாம வந்துட்டியே!" என்பார். அதுதான் அவர் வாயால் எனக்குக் கிடைத்த பாராட்டு.

அதே புதிரை, அதே வார்த்தையில், போன வாரம் அவரிடமே கேட்டேன். வரவேற்பறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவர் முகம் தீவிரமாகிவிட்டது. பெருவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். நடுவில் விட்டுப்போய், மாடி எத்தனை சொன்னே என்று கேட்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். நெற்றி வேர்த்துவிட்டது. கடைசியில், "நூத்தி எம்பது" என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டீச்சர் முகத்தைப் பார்ப்பார்களே, அப்படி என் முகத்தைப் பார்த்து, "சரியா?" என்று கேட்டார்.

சரி என்று சொன்னேன். அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

வாழ்நாள் முழுக்க லிஃப்டைக் கழற்றி மாட்டிய மனுஷன், தம்பி. கூட்டவே கூடாது என்றவர். இதற்கு மேல் எனக்கு எந்த டாக்டரும் சொல்ல வேண்டாம்.

பெரியவனிடம் சொன்னேன். அவன், "அம்மா, நீ வந்த நாள்லேருந்து அப்பாகிட்ட தோத்துக்கிட்டுதான் இருக்க. இப்பவும் உன்னை நல்லா மடக்கியிருக்காரு" என்றான். மகளிடம் போனில் சொன்னேன், அவளும் அதையே சொன்னாள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அப்பா புத்தி மங்குகிறது என்பதைவிட அம்மா கணக்கில் மக்கு என்பது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. இதற்கிடையில் அவர் தனியாகப் பால் வாங்கப் போகிறார். ஒருநாள் வழி தெரியாமல் நின்றவரைப் பஸ் நிறுத்தத்துக் கடைக்காரர் கொண்டுவந்து விட்டார். அதையும் சுற்றுவழியில் வருகிற புதிய புதிர் என்றுதான் சிரித்தார்கள்.

அவர்கள் நம்புவது உங்களை ஒருவரைத்தான். அந்த விளையாட்டில் பாதி நீங்கள். சித்தப்பா சொன்னால் பெரியவன் மறு பேச்சு பேசமாட்டான். தயவுசெய்து அவனுக்கு எழுதுங்கள், அல்லது அவன் ஆபீசில் இருக்கும்போது பேசுங்கள். "இது புதிர் இல்லைடா, அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போ" என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நாளைக்கே போவான். நான் சொன்னால் அடுத்த விருந்துவரை சிரித்துக்கொண்டிருப்பான்.

என் பேச்சில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் போன ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். எட்டுச் சட்டை ஒரு மணி நேரத்தில் காய்ந்தால், பதினாறு சட்டை காய எத்தனை மணி நேரம் என்று கேட்டீர்கள். அவர் எட்டு என்றார். எப்படி என்று கேட்டீர்கள், அவர் என் முகத்தைப் பார்த்தார். நீங்களே, "ஓகோ, கொடியில எட்டுக்குத்தான் இடம், மிச்சம் வாளியிலயே கிடக்கு! மடக்கிட்டியே அண்ணே!" என்று சிரித்தீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை தம்பி. நீங்களும் எங்களைப்போல அவருக்காக ஒரு பதிலைத் தேடிக் கொடுத்தீர்கள். போனை வைத்ததும் என்னிடம் திரும்பி, "யாரு பேசினது?" என்று கேட்டார். உங்கள் தம்பி என்றேன். "போடி, அவனுக்குக் குரலு இப்படியா இருக்கும்? இது யாரோ வயசான ஆளு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிர் போடாதீர்கள். சின்ன வயசுக் கதை ஏதாவது பேசுங்கள், அதெல்லாம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. கேள்வியாக மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் அழுதால் அவருக்குத் தெரியக் கூடாது.

நீங்கள் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். உங்கள் உடம்புக்கு ஒன்றும் வரக் கூடாது. உங்கள் அண்ணனை இனி நாம்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு உதவி. இங்கே உங்கள் படம் என்று இருப்பது நீங்கள் வேலைக்குக் கிளம்பிப்போன அன்றைக்கு எடுத்தது மட்டும்தான், அடர்ந்த மீசையும் சுருட்டை முடியுமாக. தினம் காலையில் அதைத் துடைத்து வைத்துவிட்டு, இவன் எப்போது வருவான் என்று என்னைக் கேட்கிறார். செல்போனில் அனுப்பினால் விரல் பட்டதும் ஓடிவிடுகிறது, அவருக்குப் பிடிபடவில்லை. அதனால், தலை நரைத்திருந்தாலும் பரவாயில்லை, பல் போயிருந்தாலும் பரவாயில்லை, இப்போது எப்படி இருக்கிறீர்களோ அப்படியே ஒரு படம் எடுத்து, கையில் பிடிக்கிற மாதிரிக் கொஞ்சம் பெரியதாகக் கழுவித் தபாலில் அனுப்புங்கள். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இவரும் அவர்தான் என்று தினம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் உங்களைத் தெரிந்துகொள்ள முடிகிற காலத்துக்குள் வந்து சேரட்டும். இந்த வாரமே அனுப்புங்கள் தம்பி.

உங்கள்
அண்ணி