ஆடாத கழுத்து

14 மார்ச் 1982, ஞாயிறு இரவு, மட்டாஞ்சேரி

எர்ணாகுளம் குத்துச்சண்டையில் இன்று தம்பி செல்வம் நாலாவது ரவுண்டில் விழுந்துவிட்டான். கையில் குறையில்லை, காலும் நன்றாகவே நகர்ந்தது. ஆனால் முகத்துக்கு நேராக வந்த குத்தையெல்லாம் தலையை விலக்காமல் வாங்கிக்கொண்டான். பல வருடமாக மிளகு மூட்டை சுமக்கிற தலை. சாய்ந்தால் மூட்டை விழும் என்று பழகிப்போன கழுத்து. மூலையில் நின்று நான் எவ்வளவு கத்தியும் அது அசையவில்லை.

படகுத்துறையில் சாயா குடிக்கும்போது, வீங்கிய வாயோடு கேட்டான்: "எங்கண்ணே தப்பு? சொல்லு, அடுத்த தடவை சரியாக்கிடலாம்."

"ஒண்ணுமில்லடா. அவனுக்கு இன்னிக்கு நல்ல நேரம்" என்றேன். மூட்டையை விட்டால் சோற்றுக்கு எங்கே போவது?

விடிந்ததும் லோடு வருகிறது. பாயில் மல்லாந்து தூங்குகிறான். தூக்கத்திலும் தலை எந்தப் பக்கமும் சாயவில்லை.