மூன்றாவதாகக் கேட்டது

கிட்வே
9 பிப்ரவரி 1971

அன்புள்ள சோலா அப்பாவுக்கு,

இங்கே கசுபாவும் அவன் அம்மாவும் சுகம்; உன் மகள் சோலாவும் சுகம்தானே? நீ லுசாக்கா போய்ச் சேர்ந்து, அந்த பஸ்ஸில் வாங்கின முதுகுவலியும் இந்நேரம் போயிருக்கும். கிளப் பிரிட்ஜ் சீட்டுப் போட்டியில் நாம் ஜெயித்த கோப்பை எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு நாள்கூட முழுசாக இருக்கவில்லை. திங்கட்கிழமை கிளப் காவலாள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். விசாரணை முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டுமாம்.

என்ன விசாரணை என்று போய்க் கேட்டேன். நமக்குள் ரகசிய ஏற்பாடு இருக்கிறதென்று, எதிர் ஜோடியில் ஆடின திருமதி ஆல்ட்ரிட்ஜ் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

கடைசிக்கு முந்தின ஆட்டம்தான் விவகாரம். நீ டைமண்டில் ஏலத்தை ஆரம்பித்தாய். நான் இஸ்பேட் கேட்டேன். நீ மறுபடியும் டைமண்ட். அப்போதுதான் நான் மூன்றாவது இனமாக ஆர்ட்டின் கேட்டேன். என்னிடம் இருந்ததோ இரண்டே ஆர்ட்டின், இரண்டும் குப்பை. ஆறு இஸ்பேட்டை வைத்துக்கொண்டு, ஏறுவதா நிற்பதா என்று தெரியாமல், உன்னை இன்னொரு வார்த்தை பேசவைக்கத்தான் கேட்டேன். உன் கையில் நான்கு ஆர்ட்டின். புத்தகப்படி, கேட்டவன் கையிலும் ஆர்ட்டின் இருக்கிறதென்று எடுத்துக்கொண்டு நீ சந்தோஷமாக ஆர்ட்டினுக்கு வந்திருக்க வேண்டும். நீயோ இரண்டு இஸ்பேட்டை வைத்துக்கொண்டு நான்கு இஸ்பேட்டுக்குத் தாவினாய். அதற்கு வேண்டிய பத்துப் பிடியையும் எடுத்தோம்.

"அவன் இல்லாததைக் கேக்கறான்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? மேசைக்கு அடியில காலா, இல்ல அந்த இருமலா?" என்று அந்த அம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டாளாம். அன்று நான் இரண்டு மூன்று தடவை இருமினேன், உண்மைதான். மழைக்காலம்.

விசாரிப்பது விட்லாக். சுரங்கத்தில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தின் தலைவரும் அவரே. ஜூனில் அவர் வேலையை விட்டுத் தன் நாட்டுக்கே திரும்பிப் போகிறார். அவர் நாற்காலிக்கு இரண்டு பெயர், ஒன்று என்னுடையது. கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார்: "அகஸ்டின், உன் சிநேகிதன் ஒரு வரி எழுதட்டும். ஆர்ட்டினைக் கவனிக்கல, குருட்டு அதிர்ஷ்டம்னு. புதுசா ஆடறவங்களுக்கு நடக்கறதுதானே. ஏமாத்துக்காரன்னு பேர் விழுந்தா அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

புதுசாக ஆடுகிறவர்கள்! பதினாறு வருஷமாக ஆடுகிறோம்.

மற்றபடி, உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய். உன் வேலையைக் கெடுத்துக்கொண்டு எழுத வேண்டாம்.

அன்புடன்,
கசுபா அப்பா (அகஸ்டின் கபெம்ப்வா)


லுசாக்கா
17 பிப்ரவரி 1971

அன்புள்ள கசுபா அப்பாவுக்கு,

உன் கடிதம் நேற்றுதான் கையில் கிடைத்தது. செய்தி அறையில் நின்றபடியே படித்தேன்.

நடந்தது நடந்தபடி சொல்கிறேன். நமக்குள் ஏற்பாடு எதுவும் இல்லை. காலும் இல்லை, இருமலும் இல்லை. ஆனால் உன் ஆர்ட்டின் பொய் என்று எனக்குத் தெரிந்தது. யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

காசநோய் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பத்து மாதம் கிடந்தோமே, நினைவிருக்கிறதா? சீட்டாடக் கற்றதும் அங்கேதான். குளிரில் நடுங்கிக்கொண்டே நர்ஸைக் கூப்பிட்டு, "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்பாய். அவள் தண்ணீர் கொண்டுவந்து, உன் கை ஆடுவதைப் பார்த்து, "கம்பளி வேணும்னு வாயைத் திறந்து கேட்டா என்ன, முத்தா உதிர்ந்துடும்?" என்று திட்டுவாள். நீ எதையும் நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை. வேண்டியதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைக் கேட்பாய். அன்றைக்கு ஆர்ட்டினும் அப்படித்தான் என் காதில் விழுந்தது.

இதையே விட்லாக்குக்கு எழுதுகிறேன். ஏற்பாடு இல்லை, ஆளைத் தெரியும், அவ்வளவுதான். பிறர் செய்த தவறுகளைப் பதினான்கு வருஷமாகப் பத்திரிகையில் எழுதிவருகிறேன். செய்யாத தவறுக்கு நானே கையெழுத்துப் போட முடியாது. அதுவும் நாம் மூடர்கள் என்று அவர்கள் சிரிப்பதற்காக.

கசுபா அம்மாவுக்கு என் வணக்கம். சோலா பள்ளியில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவது ஏன் இல்லை என்று அவள் அம்மா சாப்பாடு போடாமல் சண்டை போடுகிறாள்.

உன்,
டாமியன் முசோண்டா


கிட்வே
2 மார்ச் 1971

அன்புள்ள சோலா அப்பாவுக்கு,

சோலாவிடம் மாமா சொன்னதாகச் சொல்: இரண்டாவது நல்ல இடம், யாரும் பொறாமைப்பட மாட்டார்கள்.

நீ எழுதப்போவதை விட்லாக்கிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆளைத் தெரியும்னா அதுக்குப் பேர்தான் ஏற்பாடு. எதிராளிக்குத் தெரியாத ஒண்ணு உங்களுக்குள்ள இருக்கு இல்லியா? சட்டம் அதைத்தானே கேக்குது" என்றார். சீட்டாட்டச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அவர் சொல்வதும் சரியாகத்தான் தெரிகிறது. பதினாறு வருஷப் பழக்கத்தை எந்த எதிராளிக்கு எப்படி விளக்கிச் சொல்வது? ஆகவே உண்மையை எழுதினால் நான் ஏமாற்றுக்காரன். பொய்யை எழுதினால் வெறும் மடையன். மடையனுக்கு நாற்காலி கிடைக்கும்.

இங்கே மழை விடவில்லை. கசுபா அம்மா தினம் காலையில் என் படுக்கை விரிப்பைத் துவைத்துப் போடுகிறாள், காய்வேனா என்கிறது. "இந்த வீட்டுல துணியைத் தவிர எல்லாம் காயுது, தொண்டை உள்பட" என்கிறாள். உனக்காகக் கபெண்டாப் பொடிமீன் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று காரியம் உன்னிடம் கேட்க வேண்டும். அந்த ஒரு வரியை மறுபடி யோசி. கசுபாவின் பள்ளிக்கு அங்கே ஒரு அட்லஸ் கிடைக்குமா பார். அப்புறம், வார்டில் நமக்குக் கொடுத்த வெள்ளை மாத்திரை, உன் தங்கை வேலை பார்க்கும் மருந்தகத்தில் இருந்தால் ஆறு மாதத்துக்கு வாங்கி அனுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். இங்கே வாங்கினால் சுரங்க ஆஸ்பத்திரிக்குச் சேதி போய்விடும், வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் பாவம்.

அன்புடன்,
கசுபா அப்பா


லுசாக்கா
11 மார்ச் 1971

அன்புள்ள கசுபா அப்பாவுக்கு,

நீ ஜெயித்தாய். இத்துடன் அந்த ஒரு வரி இருக்கிறது. விட்லாக் கேட்டபடியே தட்டச்சு செய்திருக்கிறேன்: "என் கூட்டாளி ஆர்ட்டின் கேட்டதை நான் கவனிக்கவில்லை. நான்கு இஸ்பேட் என்பது என் அறியாமையால் நேர்ந்தது." கையெழுத்தும் என்னுடையதுதான். போட்டு முடித்ததும் வெளியே போய்க் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன்.

ஒன்று சொல்லட்டுமா? உன் மூன்று காரியத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திரையாம்! அந்த வார்டை, அந்தக் கட்டில்களை எனக்கு ஞாபகப்படுத்தி இந்தக் கையெழுத்தை வாங்கத்தானே? நேராக "எனக்காகப் போடு" என்று கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன். உன்னை எனக்குத் தெரியாதா? ஆர்ட்டின் மாதிரி இதுவும் கையில் இல்லாத சீட்டு. அதனால் மாத்திரையை விட்டுவிட்டேன். அட்லஸ் தனித் தபாலில் வருகிறது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுது. வந்து பார்த்துவிட்டு, அந்தக் கருவாட்டையும் நானே எடுத்துக்கொள்கிறேன்.

உன்,
டாமியன்


ண்டோலா ஆஸ்பத்திரி
20 ஜூன் 1971

அன்புள்ள சோலா அப்பாவுக்கு,

எழுத இத்தனை நாளாகிவிட்டது. அட்லஸ் வந்து சேர்ந்தது. கசுபா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறான்.

உன் கடிதத்தை விட்லாக் கிளப்பில் உரக்கப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள். திருமதி ஆல்ட்ரிட்ஜ் என் தோளில் தட்டி, "நாங்களும் ஆரம்பத்துல இப்படித்தான் உளறுவோம்" என்றாள். நானும் சிரித்தேன், சிரிப்பில் இருமல் வந்தது. கோப்பையைக் கொடுத்தார்கள். ஏப்ரலில் நாற்காலியும் என்று முடிவாயிற்று. பெரிய பதவிக்கு முன் எக்ஸ்ரே எடுப்பது வழக்கமாம், நான் அறியவில்லை. படத்தில் நுரையீரலின் இரண்டு பக்கமும் நிழல்.

சுரங்கத்திலிருந்து கணக்கு முடித்துவிட்டார்கள். வீடு கம்பெனி வீடு, மே முடிவில் காலி செய்தாயிற்று. கசுபா அம்மா பிள்ளைகளோடு கசாமாவில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகளுக்கும் படம் எடுத்தார்கள், தெளிவாக இருக்கிறது. நாற்காலியில் இப்போது இன்னொரு பெயர்க்காரன் உட்கார்ந்திருக்கிறான். நல்லவன்தான்.

இங்கே டாக்டர் இளம் வயசு. "மார்ச்சுலயே மாத்திரை ஆரம்பிச்சிருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் போயிருக்காது. ஏங்க யாரும் உங்களுக்கு வாங்கித் தரல?" என்று கேட்டார். பக்கத்தில் யாரும் இல்லை என்று சொன்னேன்.

நீ தப்பாக ஒன்றும் ஆடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்று எழுதினது நான். உன் தங்கைக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும் என்ற பயம். நீ என் கையை எப்போதும் சரியாகப் படிப்பாய் என்று நம்பிவிட்டேன். பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, மூன்றாவதாகக் கேட்டதை நான் உண்மையாகவே கேட்டேன்.

கோப்பையைக் கிளப் காவலாளிடம் கொடுத்துவிட்டேன், லுசாக்கா பஸ்ஸில் போட்டுவிடுவான். கருவாடு வீடு மாற்றுகிற அவசரத்தில் கெட்டுப்போய்விட்டது, கசுபா அம்மா உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

என்னைப் பார்க்க நீ வர வேண்டாம். பதிலும் வேண்டாம். இதை எழுதியிருக்கிறபடியே படி.

அகஸ்டின் கபெம்ப்வா