ஒரு மணை போதும்

மம்சாபுரம்
20-4-1991

அன்பு மகள் வெள்ளத்தாய்க்கு, அம்மா பாலம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி நாச்சியார் எழுதுவது. நீ அனுப்பிய போட்டோவில் நாச்சியார் கண்ணில் முதலில் பட்டது உன் புதுச் சேலை இல்லை. உன் ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோரும் புருசனும் பெண்டாட்டியுமாக இரண்டிரண்டு பேராக நிற்க, நீ மட்டும் கடைசியில் யார் பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். அக்காவுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லாமத்தான் பிள்ளையை வாங்கி வச்சிருக்கா என்றாள் நாச்சியார். அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை, அந்தப் போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டிப் பெருமை பேசிவிட்டு வந்திருந்தேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், வெயிலும் சுகமாக இருந்து எங்களைக் காய்ச்சுகிறது. நீ இருக்கும் நாக்பூரில் இதைவிடக் கடுமை என்கிறார்கள், டூட்டிக்குப் போகும் முன் மோர் குடித்துவிட்டுப் போ. நாச்சியார் ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கப் போகிறாள், அவள் மடித்த துணி என்றைக்காவது உன் கைக்கு வரும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

கூட வேலை பார்க்கும் ஒருத்தரோடு இரண்டு தடவை ஓட்டலில் சாப்பிட்டேன், பேச்சு ஓடவில்லை, விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். நாச்சியார் அதை வாசிக்கையில் எனக்குப் பகீர் என்றது, யார் காதிலாவது விழுமோ என்று கதவைக் கூடச் சாத்தினேன். செத்த நேரம் கழித்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உங்க அப்பாவோடு பேச்சு ஓடுமா ஓடாதா என்று எனக்கு யார் பார்க்க விட்டார்கள், இரண்டாவது பிள்ளைப்பேறு முடிந்த பிறகுதான் அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்றே தெரியும். ஓடாததை ஓடவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாயே, அது புத்திதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தாய், அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. உங்க அப்பா போன பிறகு எந்த விசேசத்திலும் என்னையும் பின்னால்தான் நிறுத்துகிறார்கள், அதனால் அந்த மத்தியானம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து ரூம் கிருபாபாய் சிஸ்டரும் உன்னைப் போலத் தனியாள்தானே, ஞாயிற்றுக்கிழமை ஒரே அடுப்பில் பொங்கி இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நின்றுகொண்டு சாப்பிடாதே.

இனி வீட்டு விசயம். பூச்சு முடிந்தது, உன் சம்பளத்தில் எழும்பிய வீடு வெள்ளையடித்து நிற்கிறது, வைகாசியில் பால் காய்ச்ச நாள் பார்த்தாயிற்று. மாமாவும் அத்தையுமே மணையில் உட்காரட்டும், நான் வந்தால் பால் பொங்கும் முன் நூறு பேர் கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள் என்று நீ எழுதியதை நானும் சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஜோடி உட்கார்ந்தால்தான் வீடு விளங்கும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். உக்கிரபாண்டி மாமாவும் குதித்துக்கொண்டு ஒத்துக்கொண்டு, தன் பேரையும் அத்தை பேரையும் போட்டுப் பத்திரிகை அடிக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்துவிட்டான்.

போன வாரம் கொத்தனார் கருத்தையா வந்தபோது மாமாவும் இருந்தான். பால் காய்ச்சும் அன்றைக்கு வீட்டுக்காரர் கையால் கொத்தனாருக்கு வேட்டி துண்டு தருவது முறையில்லையா, உங்களுக்கு எந்தக் கரை வேண்டும் என்று கேட்டேன். எந்தக் கரையும் சரிதான், ஆனா குடுக்கது யாரு என்றார். மாமா நெஞ்சை நிமிர்த்தி நான்தான் என்றான். நான் கட்டுனது நர்சம்மா வீடுல்லா, அந்தப் பிள்ளை கையால குடுத்தா வாங்குவேன், இல்லாட்டி என் பழைய வேட்டியே போதும் என்றுவிட்டார். மாமாவுக்குக் கோபம். ஒத்தையாள் உட்கார்ந்தா வீடும் ஒத்தையாத்தான்வே நிக்கும் என்றான். வீடு ஒத்தையாத்தான் நிக்கணும், பக்கத்து வீட்டு மேல சாஞ்சு நின்னா எனக்குச் சொல்லிவிடுங்க என்று கருத்தையா சொல்ல, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான், ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற நம்ம நாச்சியார் வெளியே வந்து, மாமா, நீங்களும் அத்தையும் உங்க வீட்டுக்கு உட்கார்ந்தாச்சுல்ல, இது அக்கா வீடு என்றாள். இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தாள், நான் விடவில்லை.

மாமா துண்டை மறந்துவிட்டுப் போய், மறுநாள் அதை எடுக்க வந்தான். வந்தவன் சாப்பிட்டு, இரண்டு மாம்பழமும் தின்று, பால் சட்டி தாய்மாமன் சீராக நான்தான் வாங்குவேன், அதையாவது விடுங்க என்று சொல்லிப் போனான். ஆனால் அச்சகத்துக்குப் போய்ப் பேரை எடுக்கச் சொல் என்றால், எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போவேன் என்கிறான். பேசியவள்தான் போக வேண்டும் என்று நாச்சியாரிடம் சொல்லியிருக்கிறேன், அவள் இரண்டு நாளாக வயிற்றுவலி என்கிறாள்.

ஆகையால் மகளே, ஒரு மணை போதும், நீ வந்து உட்கார். கேட்கிறவர்கள் கேட்கட்டும், பக்கத்தில் நான் நின்று பதில் சொல்லிக்கொள்கிறேன், இந்தத் தடவை பின்னால் நிற்க மாட்டேன். நேற்று வெள்ளிக்கிழமை ஆண்டாள் சன்னதிக்குப் போயிருந்தோம். வருசா வருசம் உனக்கு மாப்பிள்ளை கேட்பேன், இந்தத் தடவை பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன், அதுவாவது சீக்கிரம் கிடைக்கும். கட்டிக்கொள்ள மனசுக்குப் பிடித்து ஒருத்தர் வந்தால் சந்தோசம், வராவிட்டாலும் சந்தோசமாக இரு. கிருபாபாய் சிஸ்டரையும் கூட்டி வா. டிக்கெட்டை இப்போதே எடு, லீவுக்கூட்டம் வந்துவிடும். உன் கையும் காலும் சுகமாக இருந்து, நீ ஏற்றுகிற அடுப்பு என்றைக்கும் அணையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டு வாசலைக் கூட்டி வைத்திருக்கும் அம்மா,
பாலம்மாள்

22-4-1991. அக்கா, இது நான் மட்டும் எழுதுவது. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை, இன்று காலையில் நானே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அச்சகத்துக்காரர் என்னம்மா என்று கேட்டார். மாமா பேரையும் அத்தை பேரையும் எடுத்துவிட்டு உன் பேரைப் போடச் சொன்னேன். கூட யார் பேரும்மா என்றார். யாரும் இல்லை, வீடு அக்காவுது என்றேன். அவர் மாமா பேரிலும் அத்தை பேரிலும் இருந்த ஈய எழுத்துகளை உருவி எடுத்தார். அவர் வெள்ளத்தாய் என்று ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.