எக்ஸ்ரே வாசலில் அறுந்த குரல்

மச்சான்,

இன்று காலை, நாம் இருவரும் நெட்வேர்க் போட்டுக் கொடுத்த வெள்ளவத்தை ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், பினாயில் மணத்துக்கு நடுவே, லாமினேட் செய்து சுவரில் ஒட்டிய ஒரு தாளைப் பார்த்தேன். வைஃபை பாஸ்வேர்ட். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கும் அதுதான், தாதிமார் கையில் இருக்கும் போன்களுக்கும் அதேதான்.

ஒவ்வொரு போனுக்கும் தனித்திறப்பாக ஒரு பாஸ்வேர்ட் வைத்தவன் நீ. ஒன்று தொலைந்தால் அதை மட்டும் வெட்டிவிடலாம் என்பாய். வருகிறவர்கள் படம் பார்க்க ஒரு வழி, தாதி டொக்டரைக் கூப்பிட வேறு வழி, இரண்டும் கலக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாய். நீ கண்ணை மூடி ஒரு வருடம்கூட ஆகவில்லை, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிவிட்டார்கள். தனித்தனியாக வைத்திருப்பது கரைச்சலாம்.

"டவுன்லோட் வேகத்தைப் பாத்து என்ன செய்ய? கதைக்கிற ஆள் நடப்பான். நாங்களும் கதைச்சுக்கொண்டு நடந்து பாக்கோணும்" என்பாய், நெட்வேர்க்கைச் சோதிக்கும்போது. நான் கீழே போனைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பேன். நீ மாடி மாடியாக உன் ஊர் பஸ் தரிப்புகளைச் சொல்லிக்கொண்டு நடப்பாய்: கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, அளுத்மாவத்தை, முகத்துவாரம், மட்டக்குளி. எந்தத் தரிப்பு எனக்குக் கேட்கவில்லையோ, அந்த இடத்துக்கு வரைபடத்தில் ஒரு புள்ளடி. எக்ஸ்ரே அறையின் ஈயச் சுவர் முகத்துவாரத்தை ஒவ்வொரு முறையும் விழுங்கியது. மனேஜரோடு ஒரு கிழமை மல்லுக்கட்டி அந்த வாசல் சுவரில் ஒரு வைஃபை பெட்டி பூட்ட வைத்தாய்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு, அந்தப் பெட்டியைக் கழற்றிப் பணிப்பாளரின் அறைச் சுவரில் பூட்டச் சொன்னார்கள். அவருடைய வீடியோ அழைப்பு திக்குகிறதாம்.

நேற்று ஒரு தாதி அந்த வாசலில் நின்று டொக்டரிடம் மருந்தின் அளவைக் கேட்டிருக்கிறாள். பதிலில் பாதி அறுந்துபோனது. கேட்ட பாதியை நம்பி ஊசி போடாமல், படியால் ஓடிப்போய் நேரில் கேட்டு வந்தாள். நோயாளி பிழைத்துக்கொண்டார். தாமதத்துக்கான பழி மட்டும் அவள் தலையில் விழுந்தது. நெட்வேர்க்கில் பிழை இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் அவளை வேலையால் நிற்பாட்டலாம். அதற்குத்தான் மனேஜர் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"ஒரு வரி போதும் தம்பி. உம்மட கொன்ட்ராக்டும் இந்த மாசம் புதுப்பிக்கோணும்தானே" என்றார், சிரித்துக்கொண்டே. காறி உமிழலாம் போல இருந்தது. ஆனால் அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

பிறகு எழுதினேன், ஒரு வரி இல்லை, ஒரு பக்கம். பெட்டி எங்கே இருந்தது, யார் சொல்லிக் கழற்றப்பட்டது, கழற்றியவன் நான். மனேஜர் வாசித்துவிட்டு, இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார்.

நான் எழுதிக் கொடுத்த அந்தப் பக்கத்தில் எழுத முடியாத ஒன்று இருக்கிறது. பெட்டியைக் கழற்றிய அன்று, பாமன்கடை வீட்டுக் கட்டிலில் இருந்து நீ எனக்குப் போன் எடுத்தாய். மூச்சு வாங்கிக்கொண்டே, "எக்ஸ்ரே வாசல் பெட்டி இருக்குத்தானே?" என்று கேட்டாய். நான் ஏணியில் நின்றேன். பெட்டி என் கையில் இருந்தது.

"ஓம் மச்சான், இருக்கு" என்றேன். "அப்ப சரி" என்று நீ நிம்மதியாகப் போனை வைத்தாய்.