கதவைப் பிடித்திருந்த முட்கள்

நாள் 51. காலை 7.10
கடலடி நிலையம், ஆழம் அறுபது மீட்டர். உள்ளே இருப்பது நான் மட்டும்: செலஸ்டினா, புழுக்களை ஆராய்பவள். காற்று சரி. மின்சாரம் சரி. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் ஈரக்கசிவு, துடைத்தேன். மாற்று வளையம் கேட்டு இரண்டு முறை எழுதியாகிவிட்டது. மேலே கப்பலிலிருந்து இயக்குநர் கோதண்டபாணியின் பதில்: "நாளைக்கு விருந்தினர் வர்றாங்க. கேமராவுல கதவு பளிச்சுன்னு தெரியணும்." செருப்பு நனையாமலேயே கடல் நிபுணர் ஆனவர். வேறென்ன கேட்பார்?

நாள் 51. மாலை 4.30
கதவிடுக்கில் பதினொரு முட்புழுக்கள். விரல் நீளம், செங்கல் நிறம். உள்பக்கம் நீட்டிய ஒன்றை இழுத்தேன், வரவில்லை. துண்டு வெட்டி நுண்ணோக்கியில் வைத்தேன். உடல் கணுக்கணுவாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு கணுவின் இரு பக்கமும் முட்கொத்து. கண்ணாடி போன்ற முட்கள். குத்தினால் முனை உடைந்து சதையிலேயே தங்கிவிடும். கையுறையையும் துளைத்துவிட்டன. ஆள்காட்டி விரல் எரிகிறது. புழு என்று அலட்சியமாகத் தொட்ட எனக்கு இது தேவைதான்.

நாள் 52. காலை 8.00
வளையத்தில் கசிவு நின்றிருக்கிறது. முன்னுடலின் முட்களை ரப்பரில் ஊன்றிக்கொண்டு புழு உடலை உப்பவைக்கிறது. பின்னுடல் முட்கள் நழுவவிடாமல் பிடிக்கின்றன. மண்ணில் வளை தோண்டும் அதே வேலை. ஒன்றை இடுக்கியால் நெம்பினேன். தண்ணீர் ஊசியாகப் பாய்ந்து எதிர்ச்சுவரில் அடித்தது. பக்கத்துப் புழு உப்பி அந்த இடத்தை அடைத்தது.
வளையம் ஒரு சாண் கிழிந்திருக்கிறது. கடலை வெளியே நிறுத்தியிருப்பது இந்தப் புழுக்கள்.

காலை 9.20
கப்பலுக்குச் சொன்னேன்: "வளையம் கிழிஞ்சிருக்கு. புழுதான் தண்ணிய அடைச்சிட்டிருக்கு. அதத் தொடாதீங்க, நிலையத்த மேல தூக்குங்க."
கோதண்டபாணி: "புழு உங்களக் காப்பாத்துதா? அம்பது நாள் தனியா இருந்தா இப்படித்தான் தோணும். பதினோரு மணிக்கு விருந்தினர். இயந்திரக் கையை விட்டு பிரஷ்ஷால சுரண்டிடறோம்."
புழுவின் தலையில் கடுகளவு நரம்பு முடிச்சு இருக்கிறது. அந்தக் கடுகாவது இவருக்கு வாய்த்திருக்கலாம். வெளியேற எனக்கு வேறு வழி கிடையாது. இருப்பது இந்த ஒரே கதவு.

காலை 10.35
இயந்திரக் கையை இயக்குபவர் ஜெபமணி. அவரைத் தனியாக அழைத்தேன்.
"ஜெபமணி, கேமராவ இடுக்குல கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்க. கிழிசல் தெரியுதா?"
"தெரியுது மேடம். சார் பக்கத்துலயே நிக்கிறாரு."
கூடவே இயக்குநரின் குரல்: "என்னய்யா தெரியுது? வேலையப் பாரு."

காலை 10.52
பிரஷ் சுழன்றது. நான்கு புழுக்கள் போயின. தண்ணீர் கணுக்காலில். மெத்தையைக் கதவில் வைத்து மேசையால் முட்டுக்கொடுத்தேன். நிற்கவில்லை.
இயந்திரக் கை நின்றது. ஜெபமணி: "நான் செய்ய மாட்டேன் சார். உள்ள ஆள் இருக்காங்க."

காலை 10.58
மறுபடி சுழல்கிறது. நேராக வராமல் கதவையே இடிக்கிறது. இது ஜெபமணியின் கை இல்லை. அந்த மேதை தானே இயக்குகிறார்.
தண்ணீர் இடுப்பு வரை. இந்தக் குறிப்புகள் சேரும் பதிவுப் பெட்டியைக் கூரையில் கட்டிவிட்டேன்.

11.03
ஐந்து புழு
கப்பல் இணைப்பை மூடவில்லை. மேலே விருந்தினர் கைதட்டுகிறார்கள். "பாருங்க, எவ்வளவு சுத்தம்" என்கிறார்

11.05
மூன்று. இன்னும் விடவில்லை

இதை எடுப்பவருக்கு. கதவுச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். வெறுங்கையால் வேண்டாம். ரப்பரில் முட்கள் உடைந்து நிற்கும். புழு தானாக விழுந்தது என்று இயக்குநர் எழுதுவார். நம்ப வேண்டாம், இழுத்துப் பிடுங்கினால்தான் முள் இப்படி உடை